வடிகட்டியில் நின்ற நார்

1

இதை வாசிக்கும் ஊர்ப் பெருமக்களே, இந்த வரியிலிருந்து நீங்கள் வாசகர்கள் அல்லர்; சாட்சிகள். திருச்செங்கோட்டிலும் இராசிபுரத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆண்டு விழா மேடைகளில் நான் பேசக் கேட்டவர்கள் உங்களில் இருப்பார்கள். ஆட்டையாம்பட்டியில் ஒலிபெருக்கி பழுதாகிப்போன ஒரு மாலையில், அது பழுதானதையே கடைசி வரிசை அறியாதபடி முக்கால் மணி நேரம் முழங்கியவன் நான். அதற்கும் நீங்களே சாட்சி. எதிரணியின் முன் நான் வாயடைத்து நின்றதை உங்களில் எவரேனும் கண்டதுண்டா? கண்டிருக்க முடியாது. அது ஊரில் நிகழவில்லை. நியூசிலாந்து நாட்டின் ஹாமில்டன் நகரில், ஒரு சமூகக் கூடத்தில், எவர்சில்வர் வடிகட்டி ஒன்றைக் கையில் ஏந்திய என் மனைவியால் நிகழ்ந்தது.

நாங்கள் இங்கே குடியேறி இந்த வாரத்தோடு மூன்று ஆண்டுகள் நிறைகின்றன. ஆண்டு நிறைவன்று கடல் கடந்தவர்கள் குளிரைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதுவார்கள். நான் பழங்களில் இருக்கும் நார்ச்சத்தைப் பற்றி எழுதுகிறேன். என் மகளின் வயிறு இரண்டு மாதமாக அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

2

பழமும் நானும் இந்த நாட்டுக்கு ஒன்றாகத்தான் வந்தோம். உள்ளே நுழைய எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

என் அக்கா செல்வி ஆட்டையாம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் புறப்பட்ட அன்று, யாரிடமும் சொல்லாமல் என் கைப்பையில் ஆறு கொய்யாப் பழங்களை வைத்து, நாங்கள் வழியில் விமானம் மாறும்போதுதான் செய்தியில் அதைத் தெரிவித்தாள். விமானத்தில் ஓர் அட்டை தந்தார்கள். பழமோ விதையோ கொண்டு வருகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. வாய்மையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பரிசு வாங்கியவன் ஆதலால், 'ஆம்' என்ற கட்டத்தில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கோடிட்டேன்.

கையுறை அணிந்த அதிகாரி ஒருவர் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைத் தொட்டியில் வைத்தார். வீசியிருந்தால் தாங்கியிருப்பேன். கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் அத்தனை பரிவோடு வைத்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினேன். கொய்யாவின் சிறப்பு, சேலத்துச் செம்மண்ணின் சிறப்பு, உடன்பிறந்தாள் அன்பின் சிறப்பு என மூன்று தலைப்புகளை வகுத்துக்கொண்டு முதல் தலைப்பில் பாதியைக் கடந்திருந்தேன். அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி வெண்ணிலா, உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி, என் சட்டையை இழுத்தாள்.

“ஏனுங்க, பின்னாடி ஒரு விமானமே நிக்குதுங்க. கொய்யாப்பழத்துக்கு இரங்கல் கூட்டத்த ஊட்டுக்குப் போயி வெச்சுக்கலாம்.”

வெண்ணிலா இராசிபுரத்துப் பெண். இங்கே பால்பொருள் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு நான் பேசுவதை அவள் ஒரு மாதத்தில் பேசி முடிப்பாள். அந்தச் சிக்கனத்தை நெடுநாள் நான் குறையென்றே கருதியிருந்தேன்.

3

எங்கள் மகள் யாழினிக்கு நான்கரை வயது. நாங்கள் தமிழில் கேட்போம். அவள் ஆங்கிலத்தில் விடை சொல்வாள். சினம் வந்தால் மட்டும் தமிழுக்குத் திரும்புவாள். ஆகவே எங்கள் வீட்டில் தமிழ் வளர வேண்டுமென்றால் யாரேனும் அவளை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தொண்டினைச் செய்பவன் நான்.

கோடை முடிந்த நேரத்தில் அவளுக்கு மலச்சிக்கல் வந்தது. முதலில் இரண்டு நாள், பிறகு மூன்று, பிறகு நான்கு. ஒரு முறை வலித்ததால் அஞ்சினாள், அஞ்சியதால் அடக்கினாள், அடக்கியதால் மேலும் வலித்தது. கால்களைப் பின்னிக்கொண்டு சமையலறை மூலையில் முகம் சிவந்து நிற்பாள். கேட்டால் “நத்திங்” என்பாள். ஐந்து வயது நிறைந்ததும் இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்கு ஐந்து மாதமே இருந்தது.

மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசினேன். நம் ஊர் ஆங்கிலத்தில், குழந்தைக்கு நான்கு நாளாக மோஷன் இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண்ணின் குரல் மாறிவிட்டது. குழந்தை மூச்சுவிடுகிறாளா என்று கேட்டார். மூச்சும் விடுகிறாள், இப்போது சோபாவின் மீது குதித்துக்கொண்டும் இருக்கிறாள் என்றேன். அதன்பின் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஹெலன் என்ற செவிலியர் எங்களைப் பார்த்தார். ஏழு படங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றை நீட்டி, உன்னுடையது எதைப் போலிருக்கும் என்று யாழினியிடம் கேட்டார். அவள் முதல் படத்தைத் தொட்டாள். ஆட்டுப் புழுக்கை போன்றது அது. நான்காம் படம்தான் நலத்தின் அடையாளம் என்றார் ஹெலன். வாழ்நாளெல்லாம் மகளுக்கு மேடை அச்சம் வராமல் வளர்ப்பேன் என்று சூளுரைத்தவன், அவள் அந்தப் படத்தைத் தொட்டுவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோது அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு ஒரு படிவம். அதில் ‘நாள்தோறும் எத்தனை பழம்’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆறு’ என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன். ஹெலன் அதைப் பார்த்தார், யாழினியைப் பார்த்தார், மீண்டும் படிவத்தைப் பார்த்தார். வயிற்றை இளக்கும் தூள் ஒன்றை நீரில் கலந்து தரச் சொன்னார். நார்ச்சத்துள்ள பழங்களைப் பட்டியலிட்ட துண்டறிக்கையையும் தந்தார். மூன்று வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மருத்துவமனைக்கு அனுப்ப நேரும், அங்கே குழாய் வைத்துச் சுத்தம் செய்வார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். யாழினிக்குக் காது கூர்மை. அன்று முழுதும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

4

ஆறு என்று நான் எழுதியது பொய்யன்று. என் அன்றாடம் அந்த ஆறு பழங்களில்தான் தொடங்கியது. பேரிக்காய் இரண்டு, ஆப்பிள் இரண்டு, ஆரஞ்சு இரண்டு. இலையுதிர் காலமாதலால் அண்டை வீட்டார் ஃபீஜோவா என்னும் பச்சைப் பழத்தைப் பை பையாக வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கொய்யாவுக்குத் தூரத்துச் சொந்தம், வாசனையே சொல்லிவிடும். அதையும் சேர்ப்பேன். தோலைச் சீவுவேன். கொட்டையை எடுப்பேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியில் அரைத்து, வடிகட்டியில் ஒருமுறை வடித்து, பிறகு வெள்ளைத் துணியில் மறுமுறை வடித்து, கண்ணாடிக் குவளையில் மகளுக்கு நீட்டுவேன்.

ஏன் இப்படி என்று நம் பக்கத்தில் எவரும் கேட்க மாட்டார்கள். காய்ச்சல் கண்டவரைப் பார்க்கப் போனால் சாத்துக்குடி வாங்கிப் போகிறோம். பிழிந்து, வடித்து, நாக்கில் ஒரு துளிச் சக்கை தட்டாமல் கொடுக்கிறோம். தட்டினால் கொடுத்த வீட்டுக்கு அவமானம். பள்ளி விழாக்களில் பேச்சாளர்களாகிய எங்களுக்கு சோடா வரும்; சிறப்பு விருந்தினருக்கு மட்டும் வடிகட்டிய சாறு, மேலே ஒரு தட்டு மூடி வரும். அந்தக் குவளையைப் பதினைந்து ஆண்டுகள் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவன் நான். என் மகள் நோயுற்றபோது, எனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த மரியாதையை அவளுக்குச் செய்தேன். அவளுக்கு வலி கூடக்கூட நான் மேலும் கவனமாக வடித்தேன்.

அக்காவும் காணொளியில் மேற்பார்வையிட்டாள். “புள்ளைக்கு வவுறு எப்படி இருக்குது சாமி? சக்கை தொண்டையில நின்னுக்கும். நல்லா இறுத்துக் குடு.” அவள் வீட்டில் சக்கை ஆட்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் தோட்டத்து உரக்குழிக்குப் போயிற்று. அங்கிருந்த மண்புழுக்கள் அந்த இரண்டு மாதத்தில் அடைந்த செழிப்பை இந்நாட்டு மண்புழுக்கள் முன்பு கண்டிருக்கமாட்டா.

5

இந்நிலையில்தான் தமிழ்ச் சங்கத்தின் உடல்நல நாள் வந்தது. பட்டிமன்றத் தலைப்பு: ‘நார்ச்சத்து மிகுந்து உடலைக் காப்பவை தாய்மண்ணின் கனிகளா, வந்த மண்ணின் கனிகளா?’ முதல் அணிக்கு நான் தலைவன். இரண்டாம் அணித் தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, வேறு ஆள் கிடைக்காமல், வெண்ணிலாவை நிறுத்தினார்கள். அவள் அதற்குமுன் மேடை ஏறியதில்லை. நான் அவளுக்காக இரங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

பட்டிமன்றம் சனிக்கிழமை மாலை. அன்று காலை அவள், ஹெலன் தந்த துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கழுவப் போன வடிகட்டியோடு என்னிடம் வந்தாள். கூட்டத்துக்காகக் குறிப்பெடுக்க உட்கார்ந்தவள், எங்களிருவரில் முதன்முதலாக அந்த அறிக்கையைக் கடைசிப் பத்தி வரை படித்திருந்தாள். “ஏனுங்க, ஒரு முக்கியமான விசயம் சொல்லோணும். இந்தப் பழத்துல...” என்று தொடங்கினாள். நான் கையை உயர்த்தித் தடுத்தேன். எதிரணியின் வாதத்தை மேடைக்கு முன்பே கேட்பது மரபன்று. நாம் கணவன் மனைவி என்பதால் சபை நம்மைக் கூடுதலாகக் கவனிக்கும் என்று விளக்கினேன்.

“வாதம் இல்லீங்க. நம்ம புள்ள விசயம்.”

அதுவும் ஒரு வாத உத்தி என்பதை நான் அறிவேன் என்றேன்.

அவள் துண்டறிக்கையை மடித்தாள். “சரிங்க. மேடையிலயே சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வடிகட்டியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். யாழினிக்கு அன்று காலை ஒரு பேரிக்காயை முழுசாகக் கொடுத்ததையும், அவள் தோலைத் துப்பியதையும் நான் பின்னர்தான் அறிந்தேன்.

மாலையில் நான் நன்றாகப் பேசினேன். இதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன். தோலோடும் விதையோடும் தின்னும் கொய்யா, சதையைச் சுரண்டித் தின்னும் விளாம்பழம், கொல்லிமலைப் பலாச்சுளை, முத்து முத்தாய் மெல்லும் மாதுளை என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எழுந்தது. நடுவர் ஒரு மதுரைக்காரர். அவரே மேசையைத் தட்டினார். முடிவாக என் மாவட்டத்தின் மணிமகுடத்தை எடுத்தேன். நார்ச்சத்துக்கு ஒரு முகவரி உண்டென்றால் அது சேலத்து மாம்பழம் என்று முழங்கி அமர்ந்தேன்.

வெண்ணிலா எழுந்தாள். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்க அவளுக்குத் தெரியவில்லை. எனவே அதைவிட்டுத் தள்ளி நின்றே பேசினாள்.

“நடுவர் ஐயா, எதிரணித் தலைவர் எங்க ஊட்டுக்காரருங்க. அவர் ஊர்ல மாம்பழம் எப்படி வாங்குவாங்கன்னு கேளுங்க. நார் இருக்குதான்னு கேப்பாங்க. இருக்குதுன்னா கீழ வெச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிருவாங்க. நாரே இல்லைன்னாத்தான் அது நல்ல சேலத்து மாம்பழம்.”

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன், பெருந்தன்மையாக. மறுப்புக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கைவசம் இருந்தன. அவள் கைப்பையைத் திறந்தாள்.

“கொய்யாவுல நார் இருக்குதுங்க, இல்லீன்னு சொல்லல. இந்த ஊரு கிவிலயும் பேரிக்காயிலயும் இருக்குது. ஆனா எங்க ஊட்டுல அந்த நாரெல்லாம் இதுலதான் இருக்குதுங்க.” வடிகட்டியை உயர்த்திக் காட்டினாள். “தெனமும் ஆறு பழம். புள்ளைக்குத் தண்ணி, புழுவுக்கு நாரு. அவங்கக்கா ஊட்டு ஆடு சக்கையத் திங்குது. அதுக்கு ஒரு நாளும் வவுறு கட்டுனதில்ல. எங்க புள்ள ரெண்டு மாசமா அழுவுது. நர்சம்மா குடுத்த தாள்லயே போட்டிருக்குதுங்க, சாறு கணக்குல சேராதுன்னு. நானும் இன்னிக்குத்தான் படிச்சேன். அவரு மேல மட்டும் தப்பில்லீங்க, தெனம் இதக் கழுவுனது நான்தான்.”

அவ்வளவுதான் அவள் பேச்சு. கூடம் சிரித்தது; பிறகு அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

மறுப்புரைக்கு எனக்கு ஐந்து நிமிடம் இருந்தது. எழுந்தேன். கடைசி வரிசையில் யாழினி இன்னொரு குழந்தையோடு, கால்களைப் பின்னியபடி நின்றிருந்தாள். என் கையில் இருந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் சரியானவையே. இன்றைக்கும் அவற்றை எவராலும் மறுக்க முடியாது. நான் அவற்றைச் சொல்லவில்லை. “எதிரணித் தலைவர் சொன்னது உண்மை” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

எந்த மண்ணின் பழமானாலும் பிழியாமல், தோலைத் தின்னக்கூடியதைத் தோலோடே மென்று தின்னுங்கள் என்று நடுவர் தீர்ப்பளித்தார். தாய்மண்ணின் கனிகள் தோற்றன என்று அதற்குப் பொருளில்லை. தோற்றது அவற்றை வடித்தவன்.

6

சங்கதியைக் கேட்ட அக்காவுக்கு வருத்தம். “ஏஞ்சாமி, சக்கையத் திங்கறதுக்கா அத்தனை கடலத் தாண்டிப் போனீங்க?” என்றாள். ஆனால் மறுநாளே அழைத்து, தன் வீட்டுக்காரருக்கு நேற்றுக் கொய்யாவை அப்படியே நறுக்கிக் கொடுத்ததாகவும், அவர் இருபது வருடத்தில் முதன்முறையாகச் செய்தித்தாளைக் கழிவறைக்கு எடுத்துச் செல்லாமலே திரும்பி வந்ததாகவும் தெரிவித்தாள்.

எங்கள் வீட்டில் அத்தனை எளிதாக நடக்கவில்லை. சாறு குடித்துப் பழகிய குழந்தைக்கு மெல்லுவதே தண்டனையாக இருந்தது. கிவிப் பழத்தைத் தோலோடு கழுவி நறுக்கி வைத்தேன். யாழினி அதைத் தடவிப் பார்த்தாள்.

“இட்ஸ் ஃபர்ரி, அப்பா.”

அந்த மயிர்த்தோலில்தான் நன்மை மிகுதி என்று விளக்க முனைந்தேன். அவளுக்குச் சினம் வந்தது, தமிழ் வந்தது. “இது எலி. நீ தின்னு.”

தின்றேன். சணல் சாக்கின் ஓரத்தை மெல்வதுபோல் இருந்தது. முகத்தில் எதுவும் தெரியாமல் மென்று விழுங்குவதற்கு மேடைப் பயிற்சி முழுவதும் தேவைப்பட்டது. அவள் என் தொண்டையையே உற்றுப் பார்த்து, இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டு, ஒரு துண்டை எடுத்து முனையைக் கடித்தாள். இறுதியில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்பட்டது: கிவியைத் தோலில்லாமல் கரண்டியால் தோண்டித் தின்பது, பேரிக்காயும் ஆப்பிளும் தோலோடு, ஆரஞ்சைச் சுளையாக, உலர்ந்த பிளம் நாளுக்கு மூன்று. ஒவ்வொன்றிலும் அவள் தின்னும் அளவு நானும் தின்ன வேண்டும். கூடவே நிறையத் தண்ணீர், அந்தத் தூள். நான்காம் நாள் எனக்குப் பலன் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. ஹெலன் குறித்த நாளுக்கு மூன்று நாள் மிச்சம் இருந்தது.

வியாழன் காலை அவள் தானாகவே எழுந்து கழிவறைக்குப் போனாள். இரண்டு மாதத்தில் முதன்முறை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. அஞ்சாதே, வலிக்காது, நீ உண்ட பழமெல்லாம் உனக்குத் துணை நிற்கிறது என்று தொடங்கி, குரலைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டு போனேன். வெண்ணிலா வேலைக்குக் கிளம்புகிறவள், காலணியோடு வந்து நின்றாள்.

உள்ளே இருந்து மெல்லிய குரல் வந்தது. அழுகைக்குப் பக்கத்தில் இருந்த குரல்.

“அப்பா, பேசாத. நீ பேசினா அது திரும்ப உள்ள போயிருது.”

வெண்ணிலா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. நான் வாயை மூடினேன். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. என் வாழ்வில் விழித்திருந்தபடி அத்தனை நேரம் பேசாதிருந்ததற்கு வேறு சான்று இல்லை. பிறகு தண்ணீர் பாயும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. யாழினி வெளியே வந்து, நான்காம் படம் என்று விரல்களை விரித்துக் காட்டினாள். வெண்ணிலா அவளைத் தூக்கிக்கொண்டு, காலணியோடு வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

7

குறித்த நாளில் ஹெலனிடம் சென்றோம். முந்தைய படிவத்தில் ‘ஆறு’ என்பதை அடித்து ‘ஏதுமில்லை’ என்று திருத்த அனுமதி கேட்டேன். முடிந்த படிவத்தைத் திருத்த வழியில்லை என்றும், புதிய படிவத்தில் முந்தைய மாதங்களுக்குக் கட்டமில்லை என்றும் சொன்னார். ஆகவே இந்நாட்டு ஆவணங்களில் என் மகள் நாளுக்கு ஆறு பழம் தின்று துன்புற்ற குழந்தையாகவே என்றும் இருப்பாள்.

வயிற்றை அழுத்திப் பார்த்தார். மென்மையாக இருக்கிறது, மருத்துவமனைக்கு எழுத வேண்டியதில்லை, தூளைச் சில மாதங்களில் மெல்லக் குறைக்கலாம் என்றார். அருகில் அமர்ந்திருந்த வெண்ணிலா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஹெலன் பேனாவை எடுத்துக்கொண்டு யாழினியிடம் குனிந்து, எது உனக்கு உதவியது என்று கேட்டார். பேரிக்காய் என்பாள், அல்லது பிளம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்பா வாஸ் கொயட்” என்றாள் யாழினி.

ஹெலன் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வரும்போது காத்திருப்போர் கூடத்தில் யாழினி நின்றுவிட்டாள். நகர மறுத்தாள். இனிமேலும் அப்படியே இருப்பேன் என்று நான் சொல்ல வேண்டுமாம். காதோடு சொன்னேன், போதாது என்றாள். மெதுவாகச் சொன்னேன், அம்மாவுக்குக் கேட்கவில்லை என்றாள். வெண்ணிலாவும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாற்காலிகளில் பத்துப் பேர் இருந்தார்கள். நிமிர்ந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, அவர்களில் எவருக்கும் புரியாத மொழியில் சொன்னேன்:

“யாழினி சாமி, நீ கதவச் சாத்திட்டு உள்ள இருக்கற வரைக்கும், அப்பா வெளிய நின்னு ஒரு வார்த்த பேச மாட்டேன்.”